முகமூடிக்குள் யார்?

‘கருஞ்சுறா’ தொடரில் முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றுவது யார் என்று வேம்பார் மாரிராஜ் இரண்டு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனோடு நாற்பது பேர் கதையில் வரும் இன்ஸ்பெக்டர்தான் என்றார்கள். சாகுபுரம் சுடலைச்செல்வி மட்டும், “இல்ல, டீச்சரம்மாதான்” என்று வாய்ஸ் மெசேஜில் சாதித்தாள்.

கடைசி எபிசோடில் முகமூடி கழன்றது. டீச்சரம்மாவேதான்!

அசந்துபோன மாரிராஜ் மறுநாளே பஸ் ஏறி அவள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சிய? நான் ஒவ்வொரு சீனையும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். உயரம், தோளு, சண்டை போடுத விதம் எல்லாம் ஆம்பளை மாதிரில்லா இருந்துச்சு!”

“நடக்கும்போது ஒரு காலு லேசா இழுபடும், தம்பி. படி ஏறினா மூச்சு விட்டு விட்டு வாங்கும். டீச்சரம்மாவுக்கும் அப்படியேதான்.”

“என் கண்ணுல அது படவே இல்லையேக்கா!”

“அது கெடக்கட்டும்” என்றபடி சுடலைச்செல்வி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து காப்பியை நீட்டினாள். “அந்த முகமூடி எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கெடையாது.”

நூறு தடவை பார்த்த அந்த முகமூடியைச் சொல்வதற்காக மாரிராஜ் போனை எடுத்து, முதல் தடவை பார்ப்பதுபோல அதை உற்றுப் பார்த்தான்.