வீட்டுக்காரர் பேரு

"உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க பாக்கலாம்," என்றாள் நர்ஸ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் நீண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய கைத்தடியைப் பிடித்தது.

"விடு மயிலாத்தா," என்று தடியைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்தார்.

வாரா வாரம் நர்ஸ் யாராவது இதைக் கேட்பதும், இதே சண்டையும்.

இரண்டு பஸ் மாறி, முதியோர் இல்லம் வரை உச்சி வெயிலில் நடந்து வந்தால் இதுதான் மிச்சம். பேச்சில்லை. ஒரு சிரிப்பில்லை. அவருக்கு அலுத்துவிட்டது. பெண்டாட்டி மேல் அலுப்பு வரலாமா என்று கேட்பவர்கள், முட்டிவலியோடு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பார்க்கட்டும்.

மகன் போனிலேயே சொல்லிவிட்டான். "அம்மாவுக்குத்தான் உங்களைத் தெரியலையேப்பா. எதுக்கு அலையறீங்க?"

சரிதான். இன்றோடு போதும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

நர்ஸ் பெண் வேலைக்குப் புதிது. விடவில்லை.

"சும்மா சொல்லுங்கம்மா. பேரு என்ன?"

மயிலாத்தாள் எழுந்தே விட்டாள். அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தடியை எடுத்தாள். தரையில் ஊன்றி நின்றாள். நர்ஸைப் பார்த்தாள்.

"உட்காரு. விழுந்து தொலைக்காத."

அவர் குரல் உயர்ந்துவிட்டது. அவள் உட்கார்ந்தாள். தடியை விடவில்லை.

"தெரியலைங்க போல," என்றாள் நர்ஸ். "ஆமா, உங்க பேரு என்னங்கய்யா? அம்மா சொன்னாலும் சரியா தப்பான்னு எனக்குத் தெரியோணுமில்ல?"

"தண்டபாணி."

சொன்ன வாய் மூடவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால், சுவரில் தொங்கும் காலண்டரில் பழனியாண்டவர் கையிலிருக்கும் தண்டத்தைத் தொட்டுக் காட்டுவாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்.

இந்த அறையில் காலண்டர் இல்லை.

அவர் அவள் கையைப் பார்த்தார். நரம்பு புடைக்கத் தடியைப் பிடித்திருந்த கை. எத்தனை வாரம் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறோம் என்று நினைத்தார்.

நர்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி," என்று கூப்பிட்டார். "இன்னொருக்கா கேளு."