சங்கிலி ஜெபம்

அயனம்பாக்கம் ஏரியோரத்துச் சின்ன வீட்டின் முன்னறையில், மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஞானசௌந்தரியின் முதுகில் கோடு கோடாக விரிக்கிறது. முக்காடிட்டு முழங்காற்படியிட்டிருக்கிறாள். பக்கவாதத்தில் விழுந்த கணவர் ஜாபஸ் எழுந்து நடக்க வேண்டுமென்று சபையார் ஆளுக்கொரு மணி நேரமாகச் சங்கிலி ஜெபம் செய்கிறார்கள். இது அவள் முறை. நடுவில் எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும், அப்புறம் அவர் எழவே மாட்டார் என்று நம்புகிறாள். "சௌந்தரி, கொஞ்சம் தண்ணி குடும்மே. தொண்ட காஞ்சி பூட்ச்சி." உள்ளறையிலிருந்து குழறி வருகிறது குரல். எதிரிலேயே மண்பானை வியர்த்து நிற்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறாள், பெரிய முள் பாதிச் சுற்றுகூட வரவில்லை. "சௌந்தரீ..." அவருடைய நல்ல கை கட்டில் சட்டத்தைத் தட்டுகிறது. கூப்பிய கைகளால் காதை அடைக்க முடியாது. குரலை உயர்த்துகிறாள். "எங்க ஊட்டுக்காரருக்கு இரங்கும் ஆண்டவரே! அவர் கூப்புட்றது உமக்குக் கேக்கலியா?" தட்டல் நிற்கிறது. தெருவில் மீன் வண்டியின் ஒலிபெருக்கி தேய்ந்து மறைகிறது. அந்த அமைதியில், உள்ளறையிலிருந்து ஈரமே இல்லாத குரல் சொல்கிறது: "ஆமென்."