சந்தனத்துக்கு அடியில்

பழம்பாட்டுப் புத்தகத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அதை அலமாரியிலிருந்து எடுப்பார்கள். அன்றைக்கோ புத்தகம் படிக்கக் கூடாதாம். இந்த வருடம் முதல் பக்கத்துப் பாட்டின் மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டார்கள்.

“இந்த மரியாதை யாருக்குக் கிடைக்கும்?” என்றது பக்கத்திலிருந்த குத்துவிளக்கு.

“பிணத்துக்கும்தான் பொட்டு வைக்கிறார்கள்” என்று சீறியது புத்தகம்.

மறுநாள் அதை எடுத்து வைக்க வந்த அந்த வீட்டு மருமகள் செண்பகவல்லி சும்மா பிரித்தாள். பொருள் தேடிப் போய்த் திரும்பாத கணவனைப் பாட்டில் ஒருத்தி ஏசிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லியின் கணவனும் மூன்று வருடமாகப் பண்டிகைக்கு மட்டும் துபாயிலிருந்து வீடியோ காலில் வருகிறவன்தான். நின்றபடியே படித்தாள். கடைசி வரியைச் சந்தனம் மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

“ஐயோ, பொட்டு போகிறதே” என்று பதறியது விளக்கு.

“வாயை மூடு” என்றது புத்தகம். “துபாய்க்காரனை இவள் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு அடியில்தான் இருக்கிறது.”