ஐந்து பூசணி

“படிச்சா ராத்திரி முழுக்கக் கண்ணை மூடக் கூடாது. அப்படியொரு பேய்க்கதை வேணும்.”

மேசைக்கு முன்னால் நின்ற மனிதன் சிரிக்கவில்லை. பேய்வேஷத் திருநாளான ஹாலோவீன் அன்று நூலகத்துக்கு வருகிறவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டுதான் பேய்க்கதை கேட்பார்கள். சூனியக்காரித் தொப்பியோடு காலையிலிருந்து புத்தகப் பரிந்துரை மேசையில் உட்கார்ந்திருந்த மார்லீனுக்கு இந்த முகம் என்னவோ போல் இருந்தது.

“உங்களுக்கா சார்?”

“என் பொண்டாட்டிக்கு.”

மார்லீன் பக்கத்து அலமாரியைக் காட்டினாள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து அந்த ஊரில் வருஷா வருஷம் நடக்கிற வேடிக்கை அது. பேய்க்கதைகளைத் தலைப்புத் தெரியாமல் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே பூசணிக்காய் மட்டும் வரைந்து வைப்பார்கள். ஒரு பூசணி என்றால் குழந்தைகூடப் படிக்கலாம். ஐந்து பூசணி என்றால் தனியாக இருக்கும்போது தொடவே கூடாது. வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும்.

“மூணு பூசணி எடுத்துக்குங்க சார். பாழடைஞ்ச பங்களா, தானா திறக்கிற கதவு... நல்லா இருக்கும்.”

“பத்தாது. அவளுக்கு உட்கார்ந்த இடத்துலயே கண்ணு சொருகும். அலறிக்கிட்டு எழுந்திருக்கணும்.”

“அப்போ படம் ஏதாவது தரட்டுமா? கல்லறைத் தோட்டத்துல நடக்கிறது ஒண்ணு இருக்கு, நானே தலையணைக்குப் பின்னால ஒளிஞ்சுதான் பார்த்தேன்.”

“டிவி போட்டா உடனே குறட்டை விடுவா. நானே பக்கத்துல உட்கார்ந்து சத்தமா படிக்கப்போறேன். கண்ணை மூடினா தோளைப் பிடிச்சு உலுக்கிடுவேன்.”

மார்லீன் மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து சாக்லேட்டை ஒரு பிடி அள்ளி நீட்டினாள்.

“இதையாவது அவங்களுக்குக் குடுங்க.”

“சாக்லேட்டா? கூடவே கூடாது! காபியவே காலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்கேன்.”

சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தவன், சட்டென்று வெளியே ஓடினான். வாசலில் நின்ற காரில் ஒரு பெண் தலை சாய்ந்து கிடந்தாள். அவன் கண்ணாடியைப் படபடவென்று தட்ட, அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள்.

திரும்பி வந்தவனிடம் மார்லீன் மெல்ல ஆரம்பித்தாள். “தப்பா நினைக்காதீங்க சார். எதுக்காக இப்படி...”

“காரணம் கேக்க மாட்டீங்கன்னுதானே மேடம் நூலகத்துக்கு வந்தேன்?”

யார் எதைப் படிக்கிறார்கள், ஏன் படிக்கிறார்கள் என்று விசாரிப்பது நூலகர் தொழிலில் மகாபாவம். விஷத்தைப் பற்றிக் கேட்டாலும் சரி, விவாகரத்தைப் பற்றிக் கேட்டாலும் சரி, அலமாரியைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த விதி மார்லீனுக்கு இப்படிக் கசந்ததே இல்லை.

“ஒரு நிமிஷம் சார், உள்ளே ஒண்ணு இருக்கு” என்று பின்னறைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்க்கும் வென்டெல் எலும்புக்கூடு வேஷத்தில் காகிதம் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

“வென்டெல், வெளியில நிக்கிற ஆளு பொண்டாட்டியைத் தூங்கவிடாம வதைக்கப்போறான். நான்தான் அதுக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்கணுமாம்.”

“குடுத்துட்டு வா. அடுத்தவன் குடும்பத்துல மூக்கை நுழைக்கவா நமக்குச் சம்பளம்?”

“நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் வேணும்ப்பா.”

“எலும்புக்கூட்டுக்கு ஏது மார்லீன் நெஞ்சு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் திடுக்கிட்டு விழித்த அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. இன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு என்று தோன்றியது.

கழித்துப்போட வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை உருவினாள். அந்த வட்டாரத்தில் வடிகால் வெட்டிய சரித்திரம் அது. எழுதியவரே முழுசாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். அதைப் பழுப்புக் காகிதத்தில் இறுகச் சுற்றி, கூசாமல் ஐந்து பூசணி வரைந்தாள்.

“எங்ககிட்ட இருக்கிறதுலயே இதுதான் சார் பயங்கரம்.”

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “இந்த உதவியை மறக்கவே மாட்டேன் மேடம்” என்றபோது அவன் குரல் தழுதழுத்தது. நல்ல நடிகன் என்று மார்லீன் மனதுக்குள் திட்டினாள்.

போகிற போக்கில் அவன் கழிவறைக்குள் நுழைந்தான். இதை விட்டால் சமயம் கிடைக்காது. மார்லீன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடினாள்.

கண்ணாடி இறங்கியது. அந்தப் பெண்ணின் கண்கள் சிவந்து கிடந்தன. மார்லீன் குனிந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேசினதெல்லாம் கேட்டேன். அவருக்குத் தெரியாம புத்தகத்தை மாத்திட்டேன். ரெண்டு பக்கம் படிக்கிறதுக்குள்ள நீங்க அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவீங்க.”

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது.

“ஐயய்யோ! காபி, சாக்லேட் எதுவும் தொடாம, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாம வந்தாத்தான் நாளைக்கு வலிப்பு டெஸ்ட் எடுப்பேன்னு டாக்டர் சொல்லியிருக்காரே!”