காலியான கிண்ணம்

"இது குழந்தைக்குச் சாப்பாடா, இல்ல சுவத்துல பூசுற பட்டியா?"

அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த மனைவி இப்படிக் கேட்டதும் லேத்துக்காரனுக்குச் சுருக்கென்றது. வேகவைத்த ஆப்பிளையும் பேரீச்சம்பழத்தையும் சல்லடையில் தேய்த்துத் தேய்த்து அவன் கை மரத்துப்போயிருந்தது. பட்டறையில் இரும்பு கடைகிறவன். மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவான். பெற்ற பிள்ளைக்கு மசிப்பதில் கட்டி தட்ட விடுவானா?

"உன் டப்பா மாவுக்கு இது எவ்வளவோ தேவலாம். அதை எவன் அரைச்சானோ, எந்தக் காலத்துல அரைச்சானோ!"

"எவன் அரைச்சாலும் கையைக் கழுவிட்டு அரைச்சிருப்பான். உங்க நகத்தைப் பாருங்க, கிரீஸு!"

அவசர அவசரமாக நகத்தைப் பார்த்தான். கிரீஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் பார்த்துத் தொலைத்துவிட்டானே! அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வாழைப்பழ வாசனை அடிக்கும் அந்தக் குழந்தை உணவு டப்பாவை நாள் முழுக்க எடுத்துக் கொடுத்தே அதன் மேல் ஒரு பக்தி வந்துவிட்டது. உருண்டைக்கு (குழந்தையின் செல்லப்பேர் அது, பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்) முதல் பல் முளைத்ததிலிருந்து வீட்டில் இதே மல்லுக்கட்டுதான்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். ஒரு வாரம் மதியத்துக்கு டப்பா, மறுவாரம் மதியத்துக்கு அவன் மசியல். எந்த வாரத்தில் உருண்டைக்கு எடை அதிகம் ஏறுகிறதோ அந்தக் கட்சிக்கு ஜெயம். தோற்றவர் குழந்தை நடக்கிற வரைக்கும் அதன் துணியெல்லாம் துவைக்க வேண்டும். குழந்தைக் கிண்ணம் இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

துணிகூடப் பரவாயில்லை. தன் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வாய் செய்து கொடுப்பது பறிபோய்விடுமே என்பதுதான் லேத்துக்காரனுக்குக் கவலை. பாவம், அவனுக்கு அதில் அப்படி ஓர் ஆசை.

இன்று அவன் வாரத்தின் கடைசி நாள். சாயங்காலம் டாக்டரிடம் எடை.

"வாரம் பூரா கிண்ணம் பளபளன்னு காலியா வருது, பார்த்தல்ல?" என்றான், அவள் பின்னாலேயே போய்.

"என் வாரத்துலயும் அப்படித்தான் வந்துச்சு."

"ரெண்டு பேரும் காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க," என்றபடி மாமனார் வந்து கிண்ணத்தை வாங்கி மூடிவைத்தார். "நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை. மதியம் நான் ஊட்டிக்கிறேன்."

மாமனாரின் கைராசி அப்படி. லீவு நாளில் இவன் ஊட்டினால் உருண்டை முகத்திலேயே துப்பும். அவர் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனால் ஒரு பருக்கை மிஞ்சாது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காயும் பருப்பும் கரைய வேகவைத்து, உப்பு பேருக்கு, இனிப்பு மருந்துக்கும் இல்லாமல் ஒரு கஞ்சியை மகள் தினமும் பிளாஸ்க்கில் ஊற்றிவைத்துவிட்டுப் போவாள். முன்பெல்லாம் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்.

"அப்பாகூட இப்பல்லாம் மறுபேச்சில்லாம கஞ்சியைக் குடிச்சிடறார். அவருக்கே புத்தி வந்துடுச்சு, உங்களுக்குத்தான் வரல," என்று போகிறபோக்கில் இவனுக்கு ஒரு குத்து விட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் கிளினிக்கில் கூட்டம். மாமனாருக்கும் அன்றுதான் பரிசோதனை என்பதால் நால்வரும் போயிருந்தார்கள். நேரமானால் அப்பா பசி தாங்க மாட்டாரே என்று மகள் பிளாஸ்க்கில் புதிதாகக் கஞ்சி ஊற்றிக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா உருண்டையை எடை மெஷினில் உட்காரவைத்தார். லேத்துக்காரன் மெஷின் முள்ளையே எட்டி எட்டிப் பார்த்தான்.

"பேஷ்! போன வாரம் எவ்வளவு ஏறுச்சோ, அச்சு அசலா அதே அளவு இந்த வாரமும் ஏறியிருக்கு."

"அதெப்படி டாக்டர்? மெஷினைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை பாருங்களேன்," என்றான் அவன்.

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அன்றுதான்.

இன்னொரு தடவையும் அதேதான். டாக்டரம்மா அவர்களை விட்டுவிட்டு மாமனாரின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பெரியவரே, சர்க்கரை இப்படி எகிறியிருக்கு? வாயைக் கட்டவே மாட்டீங்களா?"

"வாய்ப்பே இல்ல டாக்டர்!" மகளுக்குக் கோபமே வந்துவிட்டது. "மதியம் இதைத் தவிர ஒண்ணும் குடுக்கறதில்ல. நீங்களே பாருங்க!" என்று பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் கஞ்சியை ஊற்றிக் காட்டினாள்.

அவ்வளவுதான். மெஷினில் இருந்த உருண்டை "ஆ... ஆ..." என்று வாயைப் பிளந்துகொண்டு தாவியது. மூடியை இரண்டு கையாலும் பிடித்து மடக் மடக்கென்று குடித்தது. குடித்து முடித்து, மூடியை நக்கி, இன்னும் கொடு என்று பிளாஸ்க்கை எட்டி இழுத்தது.

மாமனார் மேலே சுற்றாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! அப்ப இவ்வளவு நாளும் கஞ்சியெல்லாம் குழந்தைக்கு, கிண்ணமெல்லாம் உங்களுக்கா?"

மாமனார் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

பிடிபிடியென்று பிடிக்கப்போகிறார்கள் என்று டாக்டரம்மாவே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆனால் இருவரும் மாமனாரை ஆளுக்கொரு பக்கம் நெருங்கி, ஒரே குரலில் கேட்டார்கள்: "சரி, ரெண்டுல எது நல்லா இருந்துச்சு?"

"அதை மட்டும் கேட்காதீங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார், மீசையில் ஒட்டியிருந்த ஆப்பிளைத் துடைத்தபடி. "சொன்னா அப்புறம் அது ஒண்ணுதானே வரும்!"