எழுதியாச்சு

சன்னல் வெயிலில் திரையின் பச்சை வரிகள் வெளுத்துத் தெரிகின்றன. எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன. ஆஸ்பத்திரிக் கருவிக்குள் இருக்கும் டேட்டாபேஸைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றியவள், எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுகிறாள். விசிறி முனகுகிறது. நானூறு நோயாளிகளின் குறிப்புகள் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. மின்சாரம் போனாலும் அழியாதபடி பதிவுகளை வட்டில் எழுதவேண்டிய நிரலைத் திறக்கிறாள். உள்ளே வேலை எதுவும் இல்லை. கேட்டவுடன் 'எழுதியாச்சு' என்று கூசாமல் பதில் சொல்லும் ஒற்றை வரி மட்டும். "எவன் பார்த்த வேலை இது?" என்று பல்லைக் கடிக்கிறாள். "யாரா இருந்தா என்னம்மா? இதே மாதிரி பெட்டியெல்லாம் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. அப்புறமா சரி பண்ணிக்கலாம்," என்கிறார் மேலாளர், டீயை உறிஞ்சியபடி. அந்த வரிக்கு மேலே எட்டு மாதத்துக்கு முந்தைய குறிப்பு ஒன்று: 'தற்காலிகம். நாளை எழுதுகிறேன்.' பக்கத்தில் அவள் பெயர்.