பேரிக்காய் மேல் ஒரு ஈ

விலைமதிப்பில்லாத அந்த ஓவியத்துக்கு அவர் சொன்ன விலை எட்டாயிரம். அதிலும் ஆறாயிரம் மரச்சட்டத்துக்கு என்று பிரித்துச் சொன்னார்.

சொன்னவர் ஊரிலேயே பெரிய ஓவிய வியாபாரி. கையில் எந்நேரமும் லென்ஸ் இருப்பதால் கடைத்தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் ஒரு படத்தை நகல் என்றால் நகல்தான். வியாபாரிகள் சங்கத்தில் அதற்குமேல் அப்பீல் கிடையாது. அவரே வாய் மாற்றிச் சொன்னால்தான் உண்டு.

படத்தை விற்பனைக்கு வைத்திருந்த கடைக்காரி அதன் பக்கத்தில் நின்றாள். அவள் விரல் நுனியில் கறுப்பு அப்பியிருந்தது. அழுது கண்மை கலைந்திருக்கிறது, பழம் கனிந்துவிட்டது என்று பூதக்கண்ணாடி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அழவேண்டிய நாள்தான். நகலை அசல் என்று விற்பனைக்கு வைத்தால் அந்தக் கடையைப் பூட்டிவிடுவது சங்கத்தின் வழக்கம். புகார் கொடுத்தவர் பூதக்கண்ணாடி. சங்கத் தலைவர் பூட்டும் கையுமாக வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

படத்தைத் தனக்கே கொடுத்துவிட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பூதக்கண்ணாடி பெரிய மனசு பண்ணினார். நகலை வாங்கி என்ன செய்வீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு, மாடிப்படி ஓரம் வெறிச்சென்று இருக்கிறது என்றார்.

படத்தில் ஒரு பழத்தட்டு. மேலே ஒரு பட்டாம்பூச்சி, திராட்சைக் காம்பில் ஓர் எறும்பு, பேரிக்காயின் கன்னத்தில் ஒரு ஈ. இருநூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஓர் ஓவியர் படத்தில் பெயர் எழுதமாட்டார். ஒரே ஒரு ஈயை உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார். இது அவருடையதுதான் என்பது கடைக்காரியின் கட்சி.

பூதக்கண்ணாடி லென்ஸோடு குனிந்தார்.

"தொடாமப் பாருங்கண்ணே" என்றாள்.

"ஈ யாரு வேணா வரையலாம் தங்கச்சி. அவரு என்ன ஈயைக் குத்தகைக்கா எடுத்திருந்தாரு?" நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் நடத்தத் தொடங்கினார். ஓவியத்தில் பட்டாம்பூச்சி என்றால் உயிர். எறும்பு என்றால் உழைப்பு. ஈ என்றால் அழுகல், சாவு. சாப்பிடுகிற இடத்தில் சாவை எவன் மாட்டுவான்?

"அந்த ஈ மட்டும் இல்லேன்னா பத்தாயிரமே குடுத்திருப்பேன்."

"அப்ப இந்த ஈயாலதான் எனக்கு நஷ்டமாண்ணே?"

"பின்ன?"

கடைக்காரி மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். "நகல்தானே? தொடைச்சுட்டா யாருக்கும் ஒண்ணும் போகாதே?"

பூதக்கண்ணாடி சிரித்தார். வேண்டாம் என்று வாசல்வரை போய், கூப்பிடுவார்களா என்று திரும்பிப் பார்க்கிற பேரத்தை அவர் ஆயிரம் பார்த்தவர். இதுவும் அந்த ஜாதிதான். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பாள், அவ்வளவுதானே.

"தாராளமாத் தொடைம்மா."

அவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கிறவள் இல்லை. துணியைப் பேரிக்காய் மேல் வைத்து ஒரே இழுப்பு. துணியின் ஓரத்தில் கறுப்பாக ஓர் இழுவை, அதன் இருபுறமும் மயிரிழை போல் கால்கள்.

தலைவர் கையிலிருந்த பூட்டு தரையில் விழுந்தது. செய்ததைப் பார்க்கத் தனக்கே தைரியமில்லாதவள்போல, துணியோடு கையை அந்த இடத்திலேயே அழுத்திக்கொண்டு நின்றாள் அவள்.

"அடிப்பாவி, அவர் கையால வெச்ச ஈ! இருநூறு வருஷத்துக் கையெழுத்து!" பூதக்கண்ணாடி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அசலைக் கொன்னுட்டியே!"

தலைவர் குனிந்து பூட்டை எடுத்தார்.

"யாரு கையால?" என்று நிதானமாகக் கேட்டார்.

பூதக்கண்ணாடி சொன்னதை விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை. தலைவர் பூட்டைப் பைக்குள் போட்டு, இந்தக் கடை திறந்தே இருக்கும், புகார் தள்ளுபடி என்றார். பொய்ப் புகாருக்கு வேறு யார் கடையைப் பூட்டுவது என்பதைச் சங்கம் கூடிப் பேசும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பூதக்கண்ணாடி லென்ஸைச் சட்டைப் பையில் செருகினார். தோற்ற வியாபாரிக்கு எதிராளியின் நஷ்டமும் ஒரு லாபம்தான்.

"சரி, அசல்தான். ஒத்துக்கறேன். ஈ போன அசலை இனிமே எவன் வாங்குவான்? கடையைக் காப்பாத்திக்கிட்ட, படத்தை உன் கையாலயே கருமாதி பண்ணிட்ட."

தலைவர் படத்தைப் பார்க்க மனசில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்காரி மெல்லத் துணியை எடுத்தாள்.

பேரிக்காயின் கன்னத்தில், கால்களை அகட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது ஈ.

அவள் கறுப்பு விரலையும் அந்தத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள். "காலையில கண்மையால அதும்மேல நான் வரைஞ்சது ஒரு ஈ, இப்பத் தொடைச்சது ஒரு ஈ. கணக்கு நேராயிடுச்சுண்ணே."